துறைப் பேராசிரியரே ஆலோசகராகவும் இருக்கும்போது மாணவர் யாரிடம் போவது?

கேள்வி: தென்காசி மாணவன்

வணக்கம். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலைக் கணிதம் இரண்டாமாண்டு படிக்கிறேன், விடுதியில் தங்கியிருக்கிறேன். சென்ற பருவத்திலிருந்தே விடியும் வரை உறக்கம் வருவதில்லை. காலையில் எழுந்தாலும் வகுப்புக்குக் கிளம்ப மனம் ஒப்புவதில்லை. மிகவும் விரும்பிப் படித்த இயற்கணித நோட்டைத் திறந்தால், என் கையால் எழுதிய நிரூபணமே விளங்காமல் வரியின் நடுவில் நின்றுவிடுகிறேன். அரியர் விழுந்திருக்கிறது, வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வளாகத்தில் ஆலோசனை மையம் என்று ஓர் அறை உண்டு. ஆனால் அதன் பொறுப்பாளர் எங்கள் துறைப் பேராசிரியர்; அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுபவரும் அவரே. அவரிடம் மனம்விட்டுப் பேசிய நண்பன் ஒருவனின் செய்தி, துறைத் தலைவர் வழியாக அவனுடைய அப்பாவின் காதுக்குப் போய்விட்டது. வெளியே யாரிடம் போகலாம், செலவு எவ்வளவு ஆகும், வீட்டுக்குச் சொல்வார்களா, நாளை அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது இது குறுக்கே வருமா என்று அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில்: கோவை உளவியலாளர்

உங்கள் தயக்கம் நியாயமானது. மதிப்பெண் போடும் கையும் மனக்குறையைக் கேட்கும் காதும் ஒருவருடையதாக இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை நெறி. அந்தப் பேராசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது மாறாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தன் 23ஆம் பிரிவில், சிகிச்சை அளிப்பவர்கள் உங்களைப் பற்றிய தகவலை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஆனால் அந்தச் சட்டம் பேசுவது சிகிச்சை அளிப்போரைப் பற்றி. பொறுப்பு கூடுதலாக ஒப்படைக்கப்பட்ட பேராசிரியரும் அதில் அடங்குவார் என்று நம்பி அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள்.

எவரிடம் சென்றாலும், அமர்ந்ததும் முதல் வேலையாக, "நான் சொல்வதை எங்கே குறித்து வைப்பீர்கள், அதை வேறு யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். முறையாகப் பயின்றவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். மருத்துவ உளவியலாளர் என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்பதில் தவறில்லை. சில வார வகுப்பு முடித்துவிட்டு ஆலோசகர் என்று அட்டை அச்சடித்துக்கொள்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பல மாதங்களாக நீடிப்பதால், பேச்சோடு நிறுத்தாமல் மனநல மருத்துவர் ஒருவரையும் பார்ப்பது நல்லது. மருந்து தேவையா என்று முடிவு செய்ய அவரால்தான் இயலும். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் இதே போன்ற சோர்வைத் தரக்கூடும் என்பதால் அவர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் வியப்படைய வேண்டாம். முதல் அமர்வில் அறிவுரை எதுவும் கிடைக்காது. உறக்கம், பசி, குடும்பம், எப்போது தொடங்கியது என்று கேள்விகளே வரும்.

பதில்: முன்னாள் விடுதிவாசி

தம்பி, செலவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்று ஊரே சொல்லும் அரசு மனநலக் காப்பகத்திலும், சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் புறநோயாளிகளுக்குக் கட்டணம் கிடையாது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். கூட்டம் அதிகமாக இருக்கும். மருத்துவர் உங்களுக்கு ஒதுக்கக்கூடிய நேரம் குறைவு. ஆகவே உறக்கம் எப்போது கெட்டது, உணவு எப்படி இருக்கிறது, எடை குறைந்ததா, ஏற்கெனவே என்ன மாத்திரை எடுத்தீர்கள் என்று அரைத்தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நான் அப்படி எழுதிக்கொண்டு போனதை வாங்கிப் படித்துவிட்டு, மருத்துவர் நேராக முக்கியமான கேள்விக்கு வந்துவிட்டார்.

உடனே போக மனம் வராவிட்டால் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022இல் தொடங்கிய அரசுச் சேவை, எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. நிலைமை மோசமாகி, நீங்கள் இல்லை என்று சொன்ன எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தாலும் இதே எண்தான். தற்கொலைத் தடுப்புக்காகவே 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பும் இருக்கிறது.

வேலை விஷயத்துக்கு வருவோம். காவல்துறைச் சரிபார்ப்பில் பார்ப்பது வழக்குகளை, உங்கள் ஓ.பி. சீட்டு அங்கே போய் நிற்காது. இராணுவம் போன்ற பணிகளின் உடற்தகுதித் தேர்வில் மருத்துவ வரலாற்றைக் கேட்பார்கள் என்பது தனி விஷயம். அரியர் கூடிக்கொண்டே போவதுதான் வேலைவாய்ப்பை நிச்சயமாகப் பாதிக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற பேராசிரியர்

துறையை முற்றிலும் ஒதுக்கிவிடாதீர்கள். வருகைக் குறைவை மன்னிக்கும் விண்ணப்பம் அவர்கள் வழியாகத்தான் மேலே செல்லும். அதை இறுதி வாரத்தில் நீட்டுவதைவிட இப்போதே மருத்துவச் சான்றிதழுடன் கொடுப்பது மேல். சான்றிதழில் நோயின் பெயரை விளக்கமாக எழுத வேண்டாம், சிகிச்சையில் இருக்கிறார் என்ற அளவில் போதும் என்று மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியிருக்கிறது. மாணவர் பிரதிநிதிகள் இதைச் சுட்டிக்காட்டிப் பதிவாளருக்குக் கடிதம் கொடுக்கலாம். அதில் உங்கள் கதையை எழுத வேண்டிய தேவையே இல்லை.

மறுமொழி: தென்காசி மாணவன்

அனைவருக்கும் நன்றி. திங்கட்கிழமை பொது மருத்துவமனைக்குச் செல்கிறேன். அறைத்தோழன் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு இப்போது சொல்லவில்லை என்றால் சட்டப்படி ஏதேனும் சிக்கல் உண்டா?

பதில்: கோவை உளவியலாளர்

இல்லை. 18 வயது நிறைந்த நீங்கள் உங்கள் சிகிச்சைக்கு நீங்களே ஒப்புதல் தரலாம். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, முடிவெடுக்க இயலாத நிலை வந்தால் உங்கள் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை உண்டு. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், அவரும் 18 வயது நிறைந்தவராகச் சம்மதிக்க வேண்டும். யாரையும் குறிப்பிடாவிட்டால் அந்த இடத்துக்கு உறவினரே வருவார். மருந்து எழுதிக் கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். முதல் வாரத்தில் மாற்றம் இல்லையே என்றோ, பிறகு உறக்கம் சீராகிவிட்டதே என்றோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.