"பார்க்கலாம்" என்றே வருடங்கள் போகின்றன: முழுமனதான தீர்மானத்துக்கு எப்படிக் கொண்டுவருவது?

அரசலாறு கேட்டது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சபையில் வாலிபர் வேதபாடம் நடத்தும் பொறுப்பில் இருக்கிறேன். வருகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, பிறவிக் கிறிஸ்தவர்கள். திடப்படுத்தல் (குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை வளர்ந்தபின் உறுதிசெய்யும் சடங்கு) ஆகிவிட்டது, கிறிஸ்துமஸும் பெரிய வெள்ளியும் தவறாது, நடுவில் ஒன்றும் இல்லை. இன்னொன்று, இந்துக் குடும்பத்திலிருந்து தனியாளாக வருகிறவர்கள். இயேசுவை நம்புகிறேன் என்பார்கள், நன்றாக ஜெபிப்பார்கள், ஞானஸ்நானப் பேச்சு எடுத்தால் "பார்க்கலாம்". இரண்டு கூட்டமும் கோடைக் கன்வென்ஷனில் (நற்செய்திக் கூட்டத்தில்) "தீர்மானிக்கிறேன்" என்று கை தூக்கும். ஆடி பிறப்பதற்குள் எல்லாம் அடங்கிவிடும்.

"எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்" என்று, கர்த்தரா பாகாலா எனத் தீர்மானிக்காத ஜனங்களிடம் எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் கேட்டதையே (1 இராஜாக்கள் 18:21) எடுத்துப் பேசினேன். அன்றைக்கு ஜனங்கள் பதில் சொல்லவில்லை என்று அதே வசனத்தில் இருக்கிறது, இங்கேயும் அதுதான் நடந்தது. பிரசங்கக் குறிப்பு வேண்டாம். அவர்களை என்ன செய்ய வைக்க வேண்டும், எந்த வரிசையில், எங்கே வழுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வெட்டாறு எழுதியது:

தம்பி, "பார்க்கலாம்" என்கிற எல்லோருக்கும் ஒரே வியாதி கிடையாது. சந்தேகம், பயம், தள்ளிப்போடுவது மூன்றும் வேறு வேறு. பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் கர்மேல் மலையைக் காட்டினால் சந்தேகத்தில் இருப்பவன் குற்றவாளியாக உணர்வான், தள்ளிப்போடுகிறவன் பிரசங்கம் நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போவான்.

சந்தேகத்துக்கு மாற்கு 9:24. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்ற தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை குணமானான். தள்ளிப்போடுவதற்கு அப்போஸ்தலர் 24-ல் ரோம ஆளுநர் பேலிக்ஸ். பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் வரப்போகும் நியாயத்தீர்ப்பையும் பேசியபோது பயந்தான், "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்றான். அப்புறம் அடிக்கடி அழைத்துப் பேசவும் செய்தான், பணம் கிடைக்கும் என்று. இரண்டு வருஷம் ஓடியது, அவன் பதவியும் போனது. பேச்சுக் கேட்பதில் அவனுக்குக் குறையே இல்லை. உங்கள் வேதபாடத்துக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வருகிறவர்களில் பேலிக்ஸ் இருக்கிறாரா என்று பாருங்கள்.

பிரித்தறிய ஒரு கேள்வி போதும். தனியாகக் கேளுங்கள், குழுவில் கேட்டால் குழு கேட்க விரும்பும் பதில்தான் வரும். "இன்றைக்கு முழுமனதாய்ப் பின்பற்றத் தீர்மானித்தால், நாளைக் காலையில் உன் வாழ்க்கையில் முதலில் எது மாற வேண்டும்?" வேதம் நம்பத்தக்கதா, மற்ற மதத்தார் கதி என்ன என்று பதில் போனால் சந்தேகம், உட்கார்ந்து படிக்க வேண்டியது. "அப்பா", "பெண் பார்க்கிறார்கள்", "வேலை" என்று வந்தால் பயம். "அடுத்த வருஷம்" என்றால் சொல்லவே வேண்டாம். "ஒன்றும் மாற வேண்டாம்" என்றால் அவருக்குச் சுவிசேஷமே இன்னும் போய்ச் சேரவில்லை. மற்ற வேலையை நிறுத்திவிட்டு மாற்கிலிருந்து ஆரம்பியுங்கள்.

இதற்கு அடுத்தது லூக்கா 14:28. கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். நிஜமாகவே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நேரம், பணம், உறவு, வேலை, கல்யாணம் என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றிலும் நிச்சயமாக இழக்கப்போவது ஒரு பக்கம், இழக்கலாம் என்று பயப்படுவது மறுபக்கம். பயப்பட்டியல்தான் நீளமாக வரும். அதில் பாதியை விசாரித்தே தீர்த்துவிடலாம். கன்வென்ஷன் முடிந்த ராத்திரியில் எழுத வைக்காதீர்கள், அன்றைக்கு எல்லாக் கட்டத்திலும் "தருகிறேன்" என்றுதான் எழுதுவார்கள். நாலைந்து நாள் கழித்து எழுதட்டும், இரண்டு வாரம் விட்டு அதே தாளைத் திரும்ப எடுக்கட்டும்.

லூக்கா 9:57-62 மூன்று பேரையும் கவனியுங்கள். "நீர் எங்கே போனாலும் வருகிறேன்" என்று தானாக வந்தவனிடம் இயேசு தலைசாய்க்க இடமில்லை என்கிறார், வேகத்தைக் குறைக்கிறார். "முன்பு போய்" என்று தவணை கேட்ட இருவரையும் அவசரப்படுத்துகிறார். கை தூக்குகிற கூட்டத்தில் இரண்டு ரகமும் இருக்கிறார்கள். நாம் எல்லோரையும் ஒரே குரலில் அவசரப்படுத்துகிறோம், அதில்தான் பாதி கெடுகிறது.

தாள் முடிந்தபின் கீழ்ப்படிதல். மாற்குவில் 16 அதிகாரம், வாரம் இரண்டு வீதம் 8 வாரம். ஒவ்வொரு வாரமும் படித்ததிலிருந்து ஒரே ஒரு காரியம், யாரிடம், எந்தக் கிழமைக்குள் என்று சொல்ல வேண்டும். வாங்கிய கடனைத் திருப்புவது, பேசாமலிருக்கும் அண்ணனுக்குப் போன் செய்வது, இந்த அளவு. "இனி ஜெபத்தில் ஊக்கமாயிருப்பேன்" என்பதை ஏற்காதீர்கள், அதை நடந்ததா என்று பார்க்க வழியில்லை. 40 நாள் உபவாசம், ராத்திரி முழு ஜெபம் என்று பெரிதாகக் கிளம்புகிறவரைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். பத்தாம் நாள் விட்டுவிட்டு, வெட்கத்தில் சபைக்கே வராமல் நின்றுவிடுவார்.

---

கீழவாசல் எழுதியது:

வெட்டாறு ஐயா சொன்னதில் பிறவிக் கிறிஸ்தவர்களுக்கு ஒன்று சேர்க்க வேண்டும். இவர்களுக்கு ஞானஸ்நானம் முடிந்தது, தசமபாகம்கூடச் சிலர் கொடுப்பார்கள். தாளில் எல்லாக் கட்டமும் சுத்தமாக இருக்கும். "கல்யாணம்" என்ற தலைப்பின் கீழே சாதி என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், அங்கே பேனா நிற்கும்.

நம் பகுதிச் சபைக்கு இது இன்று நேற்று வந்ததில்லை. மிஷனரிகள் சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. அடுத்த வருஷமே ஞானஸ்நானங்கள், 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில், 1718-ல் புதிய எருசலேம் ஆலயம். இவ்வளவு வேகமாக வளர்ந்த சபையில் சாதிக்குத் தனித்தனி இருக்கை நூறு வருஷத்துக்கும் மேல் ஓடியது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை ஐயத்துக்கு இடமின்றி, உடனே, இறுதியாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரில் கணிசமான பேர் அதற்கு இணங்காமல் விலகி நின்றார்கள். மதம் மாறும்போது பெரிய விலை கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் அவர்கள்.

இதற்கு உரிய வேதபாகம் கலாத்தியர் 2:11-14. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் உபதேசத் தவறு என்று சொல்லவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடக்கவில்லை என்று எல்லோர் முன்பாகவும் எதிர்த்தார். இரண்டு நினைவு என்பது பந்தியில் யார் பக்கத்தில் உட்காருகிறோம் என்பதில் தெரிந்துவிடுகிறது.

செய்யக்கூடியது: வேதபாடத்தை ஆலய மண்டபத்தில் மட்டும் வைக்காமல் முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் நடத்துங்கள், முடிவில் சாப்பாடும் அங்கேயே. எந்தத் தெருவுக்கு வர யாருக்கு "அன்றைக்கு வேலை" வருகிறது என்று இரண்டு மாதத்தில் தெரியும். பேச வேண்டியதை அப்போது அவரிடம் தனியாகப் பேசலாம். எடுத்த எடுப்பில் சாதியைத் தலைப்பாக வைத்துக் கூட்டம் போட்டால் எல்லோரும் ஆமென் சொல்வார்கள், யாரும் நகர மாட்டார்கள்.

---

குடமுருட்டி எழுதியது:

இரண்டாம் வகைக்காரர்களை முதல் வகையோடு ஒரே தட்டில் நிறுக்காதீர்கள் தம்பி. தனியாளாக வரும் பெண்ணோ பையனோ மெதுவாக நடந்தால் அது இருமனம் என்று முடிவு கட்டக் கூடாது. சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் குணமானபின், எஜமான் ரிம்மோன் கோவிலில் தன் கையில் சாய்ந்து பணிகையில் தானும் குனிய நேரிடுமே, அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்று கேட்டான். எலிசா தீர்க்கதரிசி சொன்னது "சமாதானத்தோடே போ" (2 இராஜாக்கள் 5:18-19), அவ்வளவுதான்.

இவர்களுடைய பயப்பட்டியலில் என்னென்ன இருக்கும் என்று நீங்கள் முன்னாலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சொத்து. "மதம் மாறினால் பங்கு கிடையாது" என்று வீட்டில் மிரட்டுவார்கள். மாறியவருடைய வாரிசுரிமை அதனால் போகாது, 1850-ம் ஆண்டுச் சட்டமே அதைக் காக்கிறது. ஆனால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 26-ம் பிரிவுப்படி, மாறியபின் பிறக்கும் பிள்ளைகள் இந்து உறவினர் சொத்துக்கு வாரிசாக முடியாது, வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் (சொத்துக்காரர் இறக்கும்போது) அவர்கள் இந்துவாக இருந்தாலொழிய. அப்பா தன் சுயசம்பாத்தியத்தை உயில் எழுதி வேறு யாருக்கும் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சாதிச் சான்றிதழ். டெல்டாவில் இதுதான் கனமான கேள்வி, சபைகள் வாய் திறக்காத கேள்வியும் இதுதான். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் 3-ம் பத்திப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டும். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். கல்லூரி, வேலை, உள்ளாட்சித் தனித்தொகுதி எல்லாவற்றையும் இது தொடும். அந்த ஆணை நியாயமற்றது என்பது என் கருத்து, சபைகளும் பல பத்தாண்டுகளாக அதைத்தான் சொல்லிப் போராடுகின்றன. இன்றைய சட்டம் ஆனால் இதுதான். ஞானஸ்நானம் எடுத்துவிட்டுச் சான்றிதழில் இந்து என்றே இருக்கட்டும் என்று யோசனை சொல்லும் ஊழியர்கள் இருக்கிறார்கள். சபைக்குத் தொடர்ந்து போய்க்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று கோரியதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சீஷத்துவத்தின் முதல் நாளே பொய்யில் தொடங்கலாமா? விலையைத் தெளிவாகச் சொல்லி அவரையே தீர்மானிக்க விடுங்கள். சொல்லாமல் தண்ணீரில் இறக்கினால் அந்தப் பாவம் நம்முடையது.

18 வயது ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் ஞானஸ்நானம் வேண்டாம். கல்யாணமானவர் என்றால், மதமாற்றத்தைக் காட்டி இந்து வாழ்க்கைத்துணை விவாகரத்துக் கேட்க முடியும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். அவர் தாமாகத் துணையை விட்டு விலகக் கூடாது என்பது 1 கொரிந்தியர் 7:12-13.

சடங்குகளுக்கு மூன்றாகப் பிரித்து எழுத வையுங்கள்: சேர்ந்து செய்யலாம், கூட நிற்கலாம் செய்யக்கூடாது, போகவே கூடாது. எந்தச் சடங்கு எதில் விழும் என்பதில் போதகருக்குப் போதகர் வேறுபடுவார்கள். பொங்கலில் சமைப்பது, மாட்டைக் குளிப்பாட்டுவது, சொந்தபந்தத்தைப் பார்ப்பது ஒரு பக்கம், படையலுக்கு முன் விழுந்து கும்பிடுவது வேறு. சாப்பாட்டுக்கு 1 கொரிந்தியர் 10:25-28 வழி காட்டுகிறது: விசாரிக்காமல் சாப்பிடு, படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவர் நிமித்தம் தவிர். மூத்த மகனுக்குக் கொள்ளி வைப்பதுதான் பெரிய சிக்கல். இதை அப்பா நன்றாயிருக்கும்போதே அவரிடமும் தம்பியிடமும் பேசிவிட வேண்டும். மந்திரச் சடங்கு தம்பி செய்யட்டும், ஆஸ்பத்திரிச் செலவு, பாடை தூக்குவது, அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்ப்பது என் பொறுப்பு என்று முன்கூட்டிச் சொன்ன பிள்ளையை ஊர் திட்டினாலும் வீடு கைவிடாது. சாவு வீட்டு வாசலில் முதல் தடவையாக "நான் செய்ய மாட்டேன்" என்றால், அப்புறம் எத்தனை வருஷம் சாட்சி சொன்னாலும் எடுபடாது.

---

அரசலாறு:

அக்கா, சான்றிதழ் விஷயத்தை நாங்கள் ஒருபோதும் வெளிப்படையாகப் பேசியதில்லை. இனிப் பேசுகிறோம். ஒரு சந்தேகம்: ஞானஸ்நானத்துக்கு நாளைக் குறிப்பது நல்லதா, அவர்களாகக் கேட்கும்வரை விடுவதா?

---

பூண்டி சாலை எழுதியது:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களிடம் பெரியவர்களுக்கான திருமுழுக்குக்கு நாள் முன்பே தெரியும், பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின இரவு). தவக்காலத்தின் முதல் ஞாயிறு பெயர்த்தேர்வு (திருமுழுக்குக்குத் தேர்ந்தவர்களை அறிவிக்கும் சடங்கு), 3, 4, 5-ம் ஞாயிறுகளில் சோதித்தறியும் சடங்கு. அதற்கு முன் மாதக்கணக்கில் மறைக்கல்வி. நாள் இருப்பதால் "பார்க்கலாம்" என்பதற்கு ஒரு எல்லை விழுகிறது. இந்த வருடம் இல்லை என்று பங்குத்தந்தையோ அவரோ சொன்னால் அதுவும் ஒரு முடிவாகப் பதிவாகும். மந்தமாக ஆண்டுகள் கரைவதில்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்கிறேன். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிச் சாலை முழுக்கக் காவி உடுத்தி நடப்பவர்கள். நேர்ச்சை முடிந்ததும் கணக்கு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கேட்டது கிடைத்தது, நடந்தேன், தீர்ந்தது. நடந்து வந்தவரிடம் "அடுத்த ஞாயிறு உன் சொந்தப் பங்கில் எந்தப் பூசைக்கு வருகிறாய்?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

---

வெட்டாறு:

பூண்டி சாலை சொன்னபடி நாள் வையுங்கள், சீர்திருத்தச் சபையிலும் தடையில்லை. ஆனால் எந்த மாதம் என்பதை யோசியுங்கள். ஆடிக்குள் அடங்கிவிடுகிறது என்றீர்களே, அதில் பாதி விவசாயக் காரணம். கோடையில் வயல் சும்மா கிடக்கும்போது கூட்டம். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி. நடவுக்குப் போகிற பெண்ணுக்கு ஞாயிறு என்று லீவு கிடையாது, கூலியை விட்டால் அந்த வாரம் அடுப்பு எரியாது. அவரை ஆவியில் குளிர்ந்துவிட்டார் என்று சொல்வது அநியாயம். நடவு, அறுவடை மாதங்களில் ஞாயிறு காலை 5.30-க்கு முக்கால் மணி நேர ஆராதனையோ, சாயங்காலம் 7-க்குத் தெருவிலேயே ஒரு கூடுகையோ வையுங்கள். கோடையில் தீர்மானித்தவருக்கு மே மாதமே 8 வாரப் பாடத்தைத் தொடங்கி, பாதிப் பாடத்தை ஜூன் பாதிக்குள் முடியுங்கள். மீதி 4 வாரம் வேலை நெருக்கடியிலேயே ஓடட்டும், அந்த 4 வாரம்தான் உண்மையான பாடம். ஞானஸ்நானம் தை அறுவடை முடிந்து மாசியில் வைத்தால், ஒரு முழுச் சாகுபடிக் காலம் அவர் நின்றாரா என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

ஒவ்வொருவருக்கும் குழுத் தலைவர் அல்லாத ஒரு துணை ஆளைப் போடுங்கள், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். இரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பாமல் நேரில் வீட்டுக்குப் போவது அந்த ஆளின் வேலை.