நீர்வண்ணம்: பாதியில வாற சந்தேகம்

உவர்மலை: திருகோணமலை டச்சுக்குடா விடியலை நீர்வண்ணத்தில கீறுறன். வானம் எப்பிடிப் பரவுமெண்டு சொல்லேலாது. பாதியில "இது சரிவராது" எண்டு தோணும். திரும்பத் திரும்பத் தடவிச் சேறாகுது. என்ன செய்யலாம்?

சாம்பல்தீவு: தாள் என்ன பாரம்? சதுர மீற்றருக்கு 300 கிராமுக்குக் குறைவெண்டா நெளிஞ்சு, பள்ளத்தில தண்ணி தேங்கும். அது கைப்பிழை இல்லை. தாளைச் சரிச்சுப் பாருங்கோ. பளபளப்பு இருந்தா நிறம் சேர்க்கலாம். பளபளப்புப் போய் ஈரம் மட்டும் எண்டா தொடாதேங்கோ! அப்ப தண்ணி கூடின தூரிகை பட்டா ஓரம் பிஞ்ச கறை விழும். கடற்காத்தில காயவும் சுணங்கும்.

நிலாவெளி: அதுசரி, ஆனா சந்தேகம் நல்ல தாளோட போயிடாது. போகவும் தேவையில்லை. ஒரு தாளை நாலாக் கிழிச்சு, நாலிலயும் அதே வானத்தைக் கீறுங்கோ. ஒண்டே ஒண்டு கையில இருந்தாத்தான் தடவச் சொல்லும். ஒரு கலவைக்கு ரெண்டு நிறம், மிஞ்சினா மூண்டு. ஈரத்தில தீர்ப்புச் சொல்லாதேங்கோ, காய்ஞ்சா நிறம் வெளிறும்.

உவர்மலை: 200 கிராம் தாள்தான். வானத்துக்கு மேல கோணேசர் மலையை எப்ப கீறுறது?

சாம்பல்தீவு: தாளில புறங்கையை வச்சுப் பாருங்கோ. குளிர்ந்தா உள்ளுக்கு ஈரம், பொறுங்கோ. குளிராட்டி கீறலாம்.