புதுப்பிப்பு: இரண்டாவது காதிலும் காக்ளியர் இம்ப்ளான்ட்

ஒரு காதில் மட்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஒலியை மின்துடிப்பாக மாற்றிக் கேள்வி நரம்புக்குத் தரும், அறுவை சிகிச்சையில் பொருத்தும் கருவி) உள்ள என் மகளுக்குக் குரல் வரும் பக்கம் தெரியவில்லை, இரண்டாவது வைத்தால் மாறுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வைத்தாயிற்று. இடமா வலமா என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறாள். முன்னா பின்னா என்பதுதான் இன்னும் குழப்பம்.

திசையறிய உதவுவது ஒலி இரு காதுகளையும் அடைவதில் உள்ள நேர வித்தியாசம்; அது அதிகபட்சம் சுமார் 0.7 மில்லி விநாடிதானாம். இரண்டு கருவிகளும் தனித்தனியாக ஓடுவதால் அந்த நுணுக்கம் பெரும்பாலும் தொலைந்துவிடுகிறது. தலை மறைப்பதால் ஒரு காதில் சத்தம் குறையுமே, அதை வைத்துத்தான் திசை பிடிக்கிறாள்.

கல்யாண மண்டபத்தில்? மேளம் ஒரு பக்கம், பேசுபவர் மறுபக்கம் என்றால் சமாளிக்கிறாள் (இடம் பார்த்து உட்காரவும் பழகிவிட்டாள், கெட்டிக்காரி). நாலாபக்கமும் சத்தமென்றால் கஷ்டம்தான். அதனால் வகுப்பில் ரிமோட் மைக் (ஆசிரியர் குரலை நேரே அவள் கருவிக்கு அனுப்பும் மைக்) தொடர்கிறது.