46 வயதில் சர்டிஃபிகேஷன்: எழுதலாமா, விடலாமா?

வெளிநாட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, எத்தனை ஐடி வேலைக்கு விண்ணப்பித்தாலும் பதில் இல்லை, ஏதாவது ஒரு சர்டிஃபிகேஷன் முடித்தால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். சர்டிஃபிகேட் இல்லாததால்தான் பதில் வரவில்லை என்று யார் சொன்னது? நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்து வரிசையாக மூன்று எழுதினேன். கோளாறு என் ஏழு பக்க ரெஸ்யூமேயில் இருந்தது. அதை இரண்டு பக்கமாக வெட்டிய பிறகுதான் போன் வர ஆரம்பித்தது.

முதலில் நீங்கள் போக விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் இருபதை எடுத்துவைத்து, எந்தச் சர்டிஃபிகேட்டின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஒன்றுமே வரவில்லையா, விட்டுவிடுங்கள். அந்த மாலை நேரங்களை நேர்காணலில் பேசிப் பழகச் செலவழிக்கலாம்.

வயதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். சில சர்டிஃபிகேட்டுகளுக்கு வயதுதான் முதலீடே. தகவல் பாதுகாப்புக்கான சிஐஎஸ்எஸ்பி சர்டிஃபிகேட்டுக்கு அந்தத் துறையில் 5 வருட அனுபவம் காட்ட வேண்டும். தேர்வில் பாஸ் ஆனாலும் அனுபவம் போதாதவருக்கு அசோசியேட் என்ற பெயர்தான் கிடைக்கும். புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பிக்கு டிகிரி இருந்தாலும் புராஜெக்ட் நடத்திய 36 மாதக் கணக்கு கேட்பார்கள். இதெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகப் படித்து வந்த பிள்ளைகளிடம் இல்லை. ஆனால் இருபது வருடம் வேலை பார்த்தவர் தொடக்கநிலை கிளவுட் சர்டிஃபிகேட்டை ரெஸ்யூமேயின் உச்சியில் ஒட்டிவைத்தால், வேலைக்கு ஆள் எடுப்பவருக்குச் சந்தேகம்தான் வரும் என்பது என் எண்ணம்.

காலாவதி விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமேசானின் கிளவுட் சர்டிஃபிகேட்டான ஏடபிள்யூஎஸ் 3 வருடம் செல்லும். மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஷூரில் அசோசியேட் என்னும் நடுநிலைச் சர்டிஃபிகேட் ஒரே வருடம், ஆனால் புதுப்பிப்பது ஆன்லைனில் இலவசம்.

அப்புறம் நம் ஆட்களுக்கென்றே ஒரு கண்டம் இருக்கிறது: இனிஷியல். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பழக்கதோஷத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டுவிட்டேன், பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக இருந்தது. வாசலில் இருந்த பெண் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என்னை உள்ளேயே விடவில்லை. கட்டிய பணமும் போச்சு. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள்.

இன்னொன்று. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு ஏடபிள்யூஎஸ் தேர்வில் 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள், தேதி பதிவு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும். அசோசியேட் நிலைத் தேர்வில் 130 நிமிடத்தில் 65 கேள்வி, ஒவ்வொன்றும் ஒரு பத்தி நீளம், அதனால் அந்த அரைமணி பெரிய விஷயம். இத்தனை வருடம் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்துவிட்டு இதைக் கேட்பதா என்று வெட்கப்பட்டு நான் கேட்கவில்லை. கடைசி ஏழெட்டுக் கேள்விக்குப் படிக்காமலே ‘சி’, ‘சி’ என்று தட்டிவிட்டு வந்தேன்.