2 ஜிபி ராம் உள்ள பழைய லினக்ஸ் மடிக்கணினியில் எந்த உலாவி தடையின்றி ஓடும்?

கேள்வி:

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் 2009ஆம் ஆண்டு வாங்கிய மடிக்கணினி ஒன்று உள்ளது. அதில் இன்டெல் கோர் 2 டூவோ செயலி, 2 ஜிபி டிடிஆர்2 ராம், 250 ஜிபி வன்தட்டு ஆகியவை இருக்கின்றன. லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவியிருக்கிறேன். கோப்புகளைத் திறப்பது, லிப்ரேஆஃபிஸில் கடிதம் தட்டுவது போன்ற வேலைகளில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் மின்னஞ்சலும் வங்கித் தளமும் திறந்திருக்கும்போது, மூன்றாவது டேப்பில் ஏதேனும் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்தால், வன்தட்டு விளக்கு அணையாமல் எரிகிறது. சுட்டி நகர மறுக்கிறது. சில நேரங்களில் மின்பொத்தானை அழுத்தி அணைப்பதைத் தவிர வழியில்லை. யூடியூபில் 480பி காணொளியும் விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது. இலகுவான உலாவி என்று பரிந்துரைக்கப்படும் ஒன்றிரண்டை நிறுவிப் பார்த்தேன். ஒன்றில் வங்கித் தளம் திறக்கவே இல்லை, மற்றொன்று ஃபயர்ஃபாக்ஸைப் போலவே திணறியது. இந்தக் கணினிக்கு ஏற்ற உலாவி எது?

மறுமொழி 1:

உலாவியை மாற்றுவதால் உங்கள் சிக்கல் தீராது என்பதே என் கருத்து. வன்தட்டு விளக்கு அணையாமல் எரிவதிலிருந்தே நோய் எதுவென்று தெரிகிறது: ராம் நிரம்பிவிட்டதால் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவகப் பக்கங்களை, ராமில் இடமில்லாதவற்றுக்கென வன்தட்டில் ஒதுக்கப்பட்ட ஸ்வாப் பகுதிக்கு அனுப்புவதும் மீட்டெடுப்பதுமாக இருக்கிறது, அந்த வேகத்துக்குச் சுழலும் தட்டால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ராமை நிரப்புவது எது என்பதை நீங்களே பார்க்கலாம். ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் 'அபவுட்:பிராசஸஸ்' என்பதை ஆங்கிலத்தில் தட்டிவிட்டு, வேறொரு டேப்பில் அந்தச் செய்தித் தளத்தைத் திறந்து, மீண்டும் இங்கே வந்து பாருங்கள். செய்தித் தளத்தின் பெயரில் ஒரு வரி இருக்கும். அதோடு நீங்கள் கேள்விப்பட்டே இராத விளம்பர, கண்காணிப்பு நிறுவனங்களின் பெயர்களிலும் தனித்தனி வரிகள் முளைத்திருக்கும். 2021ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்தையும், ஒரே பக்கத்துக்குள் பொதிந்துவரும் பிற தளங்களின் சட்டகங்களையும்கூட, தனித்தனிச் செயல்முறைகளில் இயக்குகிறது, ஒவ்வொரு செயல்முறையும் ராமில் தனி இடம் பிடிக்கிறது. பாதுகாப்புக்கு இது தேவையான ஏற்பாடு. 2018இல் வெளிப்பட்ட ஸ்பெக்டர் போன்ற செயலிக் குறைபாடுகளுக்குப் பிறகு இது தவிர்க்க முடியாததாகிவிட்டது. ஆகவே இதை அணைத்துவிடச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். அதுவும் வங்கித் தளம் திறக்கும் கணினியில் வேண்டவே வேண்டாம்.

செய்ய வேண்டியது, விளம்பரங்களைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் நீட்சியை உலாவியில் நிறுவுவது. விளம்பரச் சட்டகங்கள் வந்தே சேராதபோது அவற்றுக்கான செயல்முறைகளும் பிறப்பதில்லை. 2 ஜிபி கணினியில் இந்த ஒரு நீட்சி தருகிற அளவுக்கு ஆதாயம் வேறு எந்த அமைப்பு மாற்றத்திலும் கிடைப்பதில்லை. குரோமில் இதன் முழு வடிவம் இப்போது இயங்காது, சுருக்கப்பட்ட லைட் வடிவம் மட்டுமே உண்டு என்பதால், பழைய கணினிக்கு ஃபயர்ஃபாக்ஸே பொருத்தம் என்பேன். மேலும், ஃபயர்ஃபாக்ஸ் 140 முதல் டேப்பின் மீது வலச்சொடுக்கினால் அதை மூடாமலேயே நினைவகத்திலிருந்து இறக்கும் தெரிவு இருக்கிறது. மின்னஞ்சல் டேப்பை அப்படி இறக்கி வைக்கலாம்.

நீங்கள் முயன்ற இலகு உலாவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபால்கன் போன்றவற்றில் வெளிச்சட்டம்தான் சிறியது. உள்ளே இருப்பது குரோமியத்தின் இயந்திரமே. டில்லோ உண்மையிலேயே இலகுவானது, ஆனால் அதில் ஜாவாஸ்கிரிப்ட் இல்லை. வங்கித் தளம் திறக்காது.

மறுமொழி 2:

மேலே சொன்னது சரி. அதோடு இசட்ரேமையும் அமைத்துவிடுங்கள். ராமின் ஒரு பகுதியைச் சுருக்கப்பட்ட ஸ்வாப்பாகப் பயன்படுத்தும் கர்னல் வசதி இது. உலாவியின் தரவுகள் நன்றாகவே சுருங்கும் என்பதால், வன்தட்டுக்குப் போக வேண்டிய பக்கங்களில் பெரும்பகுதி ராமிலேயே தங்கிவிடும். மின்டின் மென்பொருள் களஞ்சியத்தில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற பொதி இருக்கிறது. அதை நிறுவி, அமைப்புக் கோப்பில் அளவை ராமில் 50 சதவீதம் என்று எழுதினால் போதும். சுருக்கும் முறையாக இசட்எஸ்டிடி அதிகம் சுருக்கும், எல்இசட்4 செயலிக்குக் குறைந்த சுமை தரும். கோர் 2 டூவோவுக்கு எல்இசட்4 என்பதே என் தேர்வு.

கர்னல் எவ்வளவு எளிதில் ஸ்வாப்பை நாட வேண்டும் என்பதைக் குறிக்கும் ஸ்வாப்பினஸ் மதிப்பை 10 ஆகக் குறைக்கச் சொல்லும் பழைய அறிவுரை இணையமெங்கும் கிடக்கிறது. அது வன்தட்டு ஸ்வாப்பை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. இசட்ரேம் இருக்கும்போது, இயல்பான 60ஐ 100 ஆகவோ அதற்கு மேலாகவோ உயர்த்துவதே பொருத்தம், கர்னல் 5.8 முதல் 200 வரை கொடுக்கலாம். உலாவியின் சுயவிவரக் கோப்புறை முழுவதையும் ராமில் ஏற்றும் உத்தியை மட்டும் தொடாதீர்கள், அதற்கு உங்களிடம் இடமில்லை.

கணினி முற்றிலும் உறைவதைத் தடுக்க எர்லிஊம் என்ற சிறு சேவை உதவும். நினைவகம் தீரும் தறுவாயில் அது பெரிய செயல்முறை ஒன்றை நிறுத்திவிடும். பெரும்பாலும் ஒரு டேப் போகும், கணினி நிற்காது. பணம் செலவழிக்க முடியுமானால், பழைய பொருள் விற்கும் கடையில் இன்னொரு 2 ஜிபி டிடிஆர்2 ராம் தேடுங்கள். அதன் பிறகு ஒரு சிறிய சாட்டா எஸ்எஸ்டி. வாங்கும் வரிசை இதுவாகவே இருக்கட்டும்.

மறுமொழி 3:

காணொளிச் சிக்கலுக்குக் காரணம் வேறு. அது ராம் அன்று, செயலி. யூடியூப் பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 வடிவில் படத்தை அனுப்புகிறது. உங்கள் கணினியின் வரைகலைச் சில்லுக்கு இவை இரண்டும் தெரியாது என்பதால், முழுச் சுமையும் செயலியின் இரு கருக்கள் மீதே விழுகிறது. எச்264ஐஃபை என்ற நீட்சியை நிறுவினால், பழைய, எளிதில் பிரிக்கத்தக்க எச்.264 வடிவைக் கேட்டுப் பெறும். அதுவும் போதாவிட்டால், எம்பிவி என்ற காணொளி இயக்கியையும், யூடியூப் காணொளியைப் பெற்றுத்தரும் வொய்டி-டிஎல்பி கருவியையும் சேர்த்து, உயரம் 480க்கு மிகாத எச்.264 வடிவைக் கேட்டு உலாவிக்கு வெளியே ஓடவிடுங்கள். வொய்டி-டிஎல்பியை அதன் திட்டத்தளத்திலிருந்தே எடுங்கள். களஞ்சியத்தில் இருப்பது பழையதாகி விரைவில் வேலை செய்யாமல் போகும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. அபவுட்:பிராசஸஸில் செய்தித் தளத்தின் கீழ் ஒரு திரை நிறைய வரிகள் வந்ததைப் பார்த்தேன். யுபிளாக் ஆரிஜின் நிறுவிய பின் அவற்றில் பெரும்பாலானவை இல்லை. இசட்ரேமை இந்த வாரம் அமைக்கிறேன். வீட்டில் இன்டெல் ஆட்டம் என்270 செயலியும் 1 ஜிபி ராமும் உள்ள நெட்புக் ஒன்றும் இருக்கிறது. இதே வழி அதற்கும் பொருந்துமா?

மறுமொழி 1:

பொருந்தாது. என்270 ஒரு 32 பிட் செயலி. குரோம் 2016ஆம் ஆண்டிலேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 144ஆம் பதிப்பே கடைசி. நீடித்த ஆதரவுள்ள 140 வரிசைக்கு மட்டும் 2026 செப்டம்பர் வரையிலேனும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என மொசில்லா அறிவித்தது. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் 13ஆம் பதிப்புக்கு 32 பிட் நிறுவி கிடையாது. ஆகவே டெபியன் 12 அல்லது அதன் வழிவந்த ஆன்டிஎக்ஸின் 32 பிட் பதிப்பை நிறுவி, டில்லோவில் கட்டுரை படிக்கவும், தனியாகப் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கடவுச்சொல்லை அதில் தட்டாதீர்கள்.