மணியாச்சி ஸ்டேஷனுக்கு 1911 மட்டும்தான் வரலாறா?

கரிசல்காட்டான்:
நேத்து வாஞ்சி மணியாச்சியில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் நின்ற காலேஜ் பையனிடம் "வாஞ்சி யாருன்னு தெரியுமாப்பா?" என்றேன். "ஊர்ப் பேருதானே சார்" என்கிறான். செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17-ல் திருநெல்வேலியின் வெள்ளைக்காரக் கலெக்டர் ஆஷை இங்கேதான் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். முழு ஸ்டேஷனையும் நினைவகமாக்கணும். வேற என்ன வரலாறு இருக்கு இதுக்கு?

மீட்டர்கேஜ்:
அண்ணாச்சி, ஸ்டேஷன் 1911-லயா முளைச்சது? மதுரை–தூத்துக்குடி ரயில் 1876-லேயே வந்தாச்சு. மெயின் லைன் துறைமுகத்துக்கு. திருநெல்வேலி வெறும் கிளை. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும்வரை சிலோன் போட் மெயில் ரயில் தூத்துக்குடிக்குத்தான் ஓடியது, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். இதை யார் பேசுறோம்?

கரிசல்காட்டான்:
துறைமுகம், கப்பல் எல்லாம் தூத்துக்குடி கதை. வாஞ்சி கதை இங்கே மட்டும்தான்.

மீட்டர்கேஜ்:
ஏன் இங்கே? அதைத்தான் கேக்கேன். ஆஷுக்கு மணியாச்சியில் ஒரு வேலையும் கிடையாது. மனைவியோடு கொடைக்கானலுக்குக் கிளம்பினவர். திருநெல்வேலி வண்டி, தூத்துக்குடியிலிருந்து வர்ற போட் மெயிலுக்காக இங்கே காத்து நின்னது. முதல் வகுப்புப் பெட்டியில் கலெக்டர் சும்மா உக்காந்திருந்த அந்தச் சில நிமிஷம்தான் வாஞ்சிக்குக் கிடைச்சது. ஜங்ஷனை எடுத்துட்டா உங்க கதையே இல்ல.

பாளைக்காரி:
எங்க ஆச்சிக்குக் கடைசிவரை இது வெறும் மணியாச்சிதான். தூத்துக்குடி–நெல்லை பாசஞ்சர் இங்கே வந்ததும் எஞ்சினைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டுவாங்க. வந்த பக்கமே வண்டி திரும்பி நகரும். பழக்கமில்லாத யாராவது பதறிப்போய் பையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடுவார். ஆச்சி வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு, "உக்காருய்யா, நெல்லைக்குத்தான் போவுது" என்பா. எனக்கு ஸ்டேஷன்னா அந்தக் குரல்தான்.

கரிசல்காட்டான்:
சரிம்மா, எஞ்சின் மாத்துறதையெல்லாம் நினைவகத்துல வைக்க முடியுமா?

மீட்டர்கேஜ்:
ஏன் முடியாது? சுவத்துல 1911 லைன் படம் ஒண்ணு. தூத்துக்குடிக்குத் தடிச்ச கோடு, நெல்லைக்கு மெல்லிசு. ரெண்டும் சேருற இடத்துல சிவப்புப் புள்ளி. பாக்குற பையனுக்கு ஆஷ் வண்டி ஏன் நின்னதுன்னு தானா விளங்கிடும்.

கரிசல்காட்டான்:
புள்ளி பத்தாது தம்பி. வாஞ்சி பேரு பெருசா வரணும்.

மீட்டர்கேஜ்:
அதான் போர்டுல ஊருக்கே முன்னாடி நிக்குதே அண்ணாச்சி!