வற்றும் ஏரிகளில் தூண்டில்: எதுவரை போடலாம்?

பெண்ணைக்கரையான் (கடலூர்):
வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரிகளும், தென்பெண்ணையில் ஆங்காங்கே தேங்கிய மடுக்களும் மாசி பிறந்ததிலிருந்து வேகமாக வற்றி வருகின்றன. நீர் சுருங்கச் சுருங்க மீன்கள் ஒரே இடத்தில் கூடிவிடுவதால், மண்புழுவைக் கோத்துப் போட்ட மாத்திரத்தில் தக்கை அமிழ்கிறது. தேவைக்கு மேல் சிக்குவதைத் திரும்ப நீரில் விட்டுவிடுகிறோம். ஆயினும் விட்ட கெண்டைகளில் சில, சற்று நேரத்தில் மல்லாந்து மிதப்பதைக் காணும்போது மனம் சங்கடப்படுகிறது. பருவம் முடியும் இந்த வாரங்களில் தூண்டில் போடலாமா? போடலாம் என்றால் எந்த வேளையில், எந்த மீனுக்கு? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஏரிக்கரை (பாகூர்):
நீங்கள் விடியற்காலையில் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். இரவு முழுவதும் பாசியும் செடிகளும்கூட அதையே சுவாசிப்பதால், ஆழமில்லாத ஏரியில் விடியும் வேளையில்தான் அது மிகவும் குறைந்திருக்கும். அப்போது கெண்டையும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அந்த நிலையில் முள்ளில் மாட்டிப் போராடிய மீன், விட்டாலும் பிழைப்பது அரிது. வெயில் தாழ்ந்த மாலையில் போங்கள். மீனை ஈரக்கையால் பிடித்து, கூடுமானவரை நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள்.

எந்த மீன் என்பது ஏரியைப் பொறுத்தது. அடியோடு காயப்போகும் ஏரியில் கெண்டை எப்படியும் மடியும். குழம்புக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை. விரால் அப்படியல்ல. அது காற்றையும் சுவாசிக்கும். நீர் வற்றிய பின்னும் ஈரச் சேற்றில் புதைந்து மழை வரும்வரை உயிர் தரிக்கும். மறுபருவத்துக்கு மிஞ்சும் அந்த மீனைத்தான் நம்மவர்கள் ரப்பர் தவளை வீசித் தேடிப் பிடிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் வருத்தம். செந்நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு மேலே வந்தால், அடியில் தாயோ தந்தையோ காவல் நிற்கிறது. அங்கே தூண்டில் போடவே கூடாது. ஜிலேபி மீனுக்கு இந்தத் தயக்கம் வேண்டாம். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஆப்பிரிக்க மீன் எங்கும் பெருகிக் கிடக்கிறது.

மடுவாசி (கடலூர், தற்போது இங்கிலாந்து):
இங்கே ஆறுகளில் கெண்டை இனங்களைத் தூண்டிலில் பிடிப்பதற்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடை உண்டு. மீன்கள் முட்டையிடும் காலத்தைக் காப்பதற்காக 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய வழக்கம் இது. நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலமும் ஏப்ரல் 15இல் தொடங்கி, இதற்கு ஒரு நாள் முன்பாக ஜூன் 14இல் முடிகிறது. ஆனால் இந்தத் தேதிகளை நம் ஏரிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது, ஏனென்றால் நம் நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை மழையோடு வரும் புதுவெள்ளத்தில்தான் முட்டையிடுகின்றன. ஆகவே, கோடையில் வற்றாமல் நிற்கும் ஆழமான மடுக்களைத் தொடாமல் விடுவதே நமக்கு ஏற்ற கட்டுப்பாடு என்று கருதுகிறேன். புதுவெள்ளத்தில் முட்டையிடும் தாய் மீன்கள் அதுவரை அங்கேதான் தங்குகின்றன.

ஏரிக்கரை (பாகூர்):
மடுக்களைப் பற்றி அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் அந்தப் பக்கம் தூண்டிலுடன் போகாதீர்கள். மற்ற ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவர் வலை இழுக்கும் நாளும் இந்த வாரங்களில்தான் வரும்.